அக்காவுக்காகக் குறைத்த எடை

சூலூர் குளத்துக் கரையில் காலையில் நடக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். தனபால், எப்படி இவ்வளவு இளைத்தீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். கேட்டால் சொல்லத்தானே வேண்டும். முதலில் புது ஷூ வாங்காதீர்கள் என்பேன். புது ஷூ வாங்கியவன் நடக்கமாட்டான், ஷூவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான். இருட்டுவதற்குள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். சோற்றைப் பாதியாக்கிக் காயை இரட்டிப்பாக்குங்கள். பேக்கரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை, அதனால் கொள்ளை மறக்காதீர்கள் என்றும் சொல்வேன்.

எல்லாம் சரியான யோசனைகள்தான். பெரிய மருத்துவமனையில் படித்தவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தவை. நான் கடைப்பிடித்திருக்க வேண்டிய காலத்தில் அவற்றைக் கடைப்பிடிக்கவில்லை. கரையில் யாராவது என் இளைத்த உடம்பைப் பாராட்டும்போது எனக்குக் காது சுடுகிறது. வெட்கம் என்று எழுதினால் அது போதாது, ஆனால் வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

என் அக்கா பெயர் செல்லாத்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். சூலூரிலேயே இரண்டு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் அப்புசாமி விசைத்தறி போட்டிருக்கிறார். ஒரே பெண் லோகப்பிரியாவுக்குச் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. என் கல்யாணத்தில் எனக்கு இணைச்சீர் செய்தவள் அக்கா. மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவளைச் சேர்த்து நிறுத்திச் செய்யும் சீர் அது. பொண்டாட்டி வந்ததும் பொறந்தவளை மறந்துவிடாதே என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். நான் மறக்கவில்லை.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய்விட்டன, யாராவது ஒன்று கொடுத்தால் நன்றாக இருப்பாள் என்று மருத்துவர் சொன்ன வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லாம் அவள் வீட்டில் கூடியிருந்தோம். மச்சானுக்குச் சர்க்கரை இருப்பதால் அவர் கொடுக்க முடியாது. லோகப்பிரியா, "நான் குடுக்கறேன்" என்றாள். அக்கா, "கல்யாணமாகாத புள்ளை, வாயை மூடு அம்மணி" என்றாள். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை.

"நான் இருக்கறனுங்க. அக்காளுக்கு நான் குடுக்கறேன்" என்றேன்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைக்கட்டுமா என்று கேட்பது மரியாதை. போதுமுங்க என்பதும் மரியாதை. அட, கொஞ்சமுங்க என்று திரும்பக் கேட்பதும், வேண்டவே வேண்டாமுங்க என்று இலைக்கு மேல் கையை விரிப்பதும் மரியாதை. யாரும் பொய் சொல்வதில்லை, ஆனால் யாரும் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வதும் இல்லை. நான் அந்தப் பழக்கத்தில்தான் வாயைத் திறந்தேன். அக்கா வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அவளும் சொன்னாள்.

"வேண்டாஞ்சாமி. உனக்குப் பொண்டாட்டி புள்ளைக இருக்குது."

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. முறைப்படி இன்னொரு தடவை வற்புறுத்தினேன். அவள் மறுபடியும் வேண்டாம் என்றாள். இன்னும் ஒரு தடவை வற்புறுத்தாமல் விட்டால் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? "நீங்க சும்மா இருங்கக்கா, நான் குடுக்காம யாரு குடுப்பா" என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சரி சாமி" என்றாள். நிஜமாகவே பசித்தவர்கள் மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வார்கள் என்பதை நான் மறந்திருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது என் மனைவி புவனா, "ஏனுங்க, நெசமாத்தான் சொன்னீங்களா?" என்று கேட்டாள். "பின்ன?" என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து என் வாழ்க்கை மாறிவிட்டது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தறி போட்டு நொடித்துப்போய், உதிரிபாகக் கடை வைத்துக் காலம் தள்ளுகிறவன் நான். கல்யாண வீடுகளில் யாரும் எனக்காக எழுந்து இடம் கொடுத்ததில்லை. இப்போது கொடுத்தார்கள். "பொறந்தவன்னா தனபாலாட்ட இருக்கோணும்" என்று என் காதுபடப் பேசினார்கள். வயதான பெண்கள் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக என்னை ஒரு ஆளாக மதித்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

ரத்தம் பொருந்தியது, மற்ற சோதனைகளும் பொருந்தின. உடம்புதான் பொருந்தவில்லை. நான் அப்போது நூற்று நாலு கிலோ. ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் நின்றது. ஆறு மாதத்தில் எண்பத்தெட்டுக்கு வாருங்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கலாம் என்றார் மருத்துவர். நடை, சாப்பாடு இரண்டும் ஒழுங்காக இருந்தால் முடியாத காரியம் இல்லை என்றார்.

அந்த மருத்துவமனையில் உறுப்பு கொடுப்பவர்களோடு பேசுவதற்கென்று உம்மல் குல்சும் என்று ஒரு அம்மா இருந்தார். என்னைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உங்களுக்கு இதுல இஷ்டமில்லைன்னா இப்பவே என்கிட்ட சொல்லிருங்க. மெடிக்கலா ஒத்துவரலைன்னு மட்டும்தான் வெளிய சொல்லுவோம். காரணம் உங்க ஊட்டுல யாருக்குமே தெரியாதுங்க" என்றார்.

அந்த அறையில் ஒரு நிமிடம் எனக்கு வழி திறந்திருந்தது. நான் அவரிடம் கோபித்துக்கொண்டேன். "என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க, அது எங்கக்காளுங்க" என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, உள்ளே நடந்ததை எல்லோருக்கும் சொன்னேன். மச்சான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல் இரண்டு மாதம் நான் ஏமாற்றவில்லை என்பதைச் சொல்லிக்கொள்கிறேன். லோகப்பிரியா காலையில் வந்து கதவைத் தட்டுவாள். "மாமா, எந்திரிங்க, பொழுதாச்சு" என்பாள். இருவரும் குளத்துக் கரையில் நடப்போம். அவள் வேகமாக நடந்துபோய், எனக்காக நின்று, திரும்பி என்னோடு வருவாள். அக்கா தூக்குப்போசியில் கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்தனுப்புவாள். அவளுக்குத் தண்ணீரே அளவுதான், தாகம் எடுத்தால் நாக்கை நனைத்துக்கொள்ள மட்டும்தான் அனுமதி. அப்படிப்பட்டவள் அடுப்படியில் நின்று எனக்கு ரசம் வைத்தாள். உப்புச் சரியாக இருக்கிறதா என்று புவனாவுக்குப் போன் பண்ணிக் கேட்பாள், அவளால் ருசி பார்க்க முடியாது.

எடை தொண்ணூற்றேழுக்கு வந்த அன்று நர்ஸ் கைதட்டினாள். லோகப்பிரியா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். சட்டைக்குள் இடது விலாவுக்குக் கீழே ஒரு இடம் குளிர்ந்துபோனது. அங்கேதான் வெட்டுவார்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் என்னை அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போகிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. நான் பயந்துவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அக்காவை வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்கு என் காரில் கூட்டிப்போவேன். அது நானாக ஏற்றுக்கொண்ட வேலை. அவளை உள்ளே விட்டால் மெஷினில் நாலு மணி நேரம். கோயம்புத்தூரில் பேக்கரி இல்லாத மூலை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். மருத்துவமனைக்கு எதிரிலேயே ஒன்று இருந்தது. முதல் நாள் ஒரு டீ மட்டும் குடித்தேன். அப்புறம் ஒரு முட்டை பப்ஸ். அப்புறம் தேன் கேக். கொஞ்ச நாளில் பேக்கரிக்காரர் என்னைப் பார்த்ததும் தட்டை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். அக்காவின் ரத்தம் குழாய் வழியாகப் போய் வந்துகொண்டிருந்த நேரத்தில் நான் கண்ணாடி ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பசியால் சாப்பிடவில்லை. மருந்து சாப்பிடுவதைப் போல நேரம் தவறாமல் சாப்பிட்டேன்.

அக்கா கொடுத்த ரசத்தையும் வீணாக்காமல் குடித்தேன். அதைக் கொட்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் நாளுக்கு முன்தினம் மட்டும் சோற்றுக்கு ஊறுகாயும் அப்பளமும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வேன். மற்றபடி காலையில் எல்லோர் கண்ணெதிரிலும் நடந்தேன். வேர்க்க வேர்க்க நடந்தேன்.

எடை மறுபடி நூறைத் தொட்டது. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பாவம், இவ்வளவு கஷ்டப்பட்டும் உடம்பு இறங்கமாட்டேன் என்கிறது, அது அவனுடைய உடம்பு வாகு என்றார்கள். நானும் மருத்துவரிடம் போய், தைராய்டாக இருக்குமோ என்று கவலையோடு கேட்டேன். அதையும் சோதித்துப் பார்த்தார்கள். இல்லை என்று வந்தபோது எல்லோரையும்விட நான்தான் அதிகம் வருத்தப்பட்டேன். அந்த வருத்தம் நடிப்பா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

உம்மல் குல்சும் அம்மா இன்னொரு யோசனை சொன்னார். இறந்துபோனவர்களிடமிருந்து எடுக்கும் சிறுநீரகத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது, எதற்கும் அக்காவின் பெயரை அதிலும் பதிந்து வைக்கலாமே என்றார். அதற்கு நாள் பிடிக்கும், அதனால் இப்போதே கொடுப்பது நல்லது என்றார். "அதுக்கெல்லாம் அவசியமே இல்லீங்க, அடுத்த மாசம் நான் எண்பத்தெட்டுக்கு வந்துருவேன்" என்றேன். பெயர் கொடுத்தால் என்னை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்பதால் மச்சானும் விட்டுவிட்டார். எங்கள் வீடுகளில் ஒருவர் தருகிறேன் என்று சொன்ன பிறகு இன்னொரு இடத்தில் கேட்பது அவரை அவமதிப்பது.

ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து காரில் ஏறிய அக்கா என் பக்கம் திரும்பி, சட்டையில் எதையோ தட்டிவிட்டாள். பப்ஸ் தூள். நெஞ்சுமேல் நிறையச் சிந்தியிருந்தது, நான் கவனிக்கவில்லை.

"சட்டையில என்னமோ ஒட்டியிருக்குது சாமி" என்றாள்.

அவினாசி ரோட்டில் நெரிசல். கார் ஊர்ந்து போனது. நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அக்கா பேசினாள்.

"உனக்கு முடியலைன்னா உட்டுரு தம்பி. நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன். அந்த ஆஸ்பத்திரி அம்மா சொன்ன வரிசையில பேரைக் குடுத்துக்கலாம். நீ குடுக்கறேன்னு சொன்னதே எனக்குப் போதும்."

அவள் அதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. ஒரே தடவைதான் சொன்னாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, தெரிந்துகொண்டும் எனக்கு மானம் போகாமல் இறங்கிக்கொள்ள வழி விட்டாள். ஆம் அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். காரில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. நான் காரை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். "என்னைய நம்பலியாக்கா?" என்றேன். அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு வரிசையைப் பற்றி யாரும் பேசவில்லை. மறுநாளும் தூக்குப்போசியில் ரசம் வந்தது.

இதுவரை சொன்னதைக் கேட்டவர்கள் என்னைக் கோழை என்று சொல்லலாம். அதோடு நின்றிருந்தால் நானும் ஒத்துக்கொண்டு போயிருப்பேன். இனிமேல் சொல்லப்போவதைப் புவனாவிடம்கூட நான் சொன்னதில்லை.

அடுத்த மாதம் ஒரு காலை, குளத்துக் கரையில் நடக்கும்போது லோகப்பிரியா நின்றாள். வீட்டுக்குத் தெரியாமல் தான் போய்ச் சோதனை செய்துகொண்டதாகச் சொன்னாள். எல்லாம் பொருந்தியிருக்கிறது. எடை, அழுத்தம் ஒன்றிலும் குறை இல்லை. சரி என்றால் சீக்கிரமே செய்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

"அம்மா நான் சொன்னாக் கேக்கமாட்டாங்க மாமா. நீங்க சொன்னாக் கேப்பாங்க. அப்பாகிட்டயும் நீங்களே சொல்லுங்க. நீங்களும் எத்தனை நாளைக்குத்தான் பட்டினி கெடப்பீங்க" என்றாள்.

அவள் கண்ணில் அவ்வளவு சந்தோஷம். என்னையும் காப்பாற்றுவதாக அவள் நினைத்தாள். சொல்லப்போனால் காப்பாற்றத்தான் வந்திருந்தாள். எனக்கு வெட்டும் இல்லை, அக்காவுக்கு உயிரும் கிடைக்கும். நான் செய்ய வேண்டியது மச்சானிடம் இரண்டு வார்த்தை பேசுவது.

ஆனால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தேன். தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்க, கல்யாணமாகாத பெண்ணை வெட்டக் கொடுத்தான் என்று சொல்லும். எழுந்து இடம் கொடுத்தவர்கள் எல்லாம் திரும்ப உட்கார்ந்துகொள்வார்கள். "நான் இருக்கறப்ப நீ எதுக்குக் கண்ணு?" என்று அவள் தலையைத் தடவினேன். அன்றைக்கே மச்சானிடம் போனேன். உங்கள் பெண் இப்படி ஒரு காரியம் செய்துவிட்டாள், ஒற்றைச் சிறுநீரகத்தோடு நிற்கிற பெண்ணை யார் கட்டுவார்கள், நாளைக்குப் பிள்ளைப்பேறு என்றால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். மருத்துவர்கள் அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். மச்சான் நடுங்கிப்போனார். அக்கா லோகப்பிரியாவைக் கூப்பிட்டு, "எந்தலை மேல கை வெச்சுச் சத்தியம் பண்ணு" என்றாள். அவள் மாட்டேன் என்று அழுதாள். அவளுடைய கையைப் பிடித்து அக்காவின் தலையில் வைத்தவன் நான்.

அக்கா அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் இருந்தாள். குழாய் சொருகிய இடத்தில் கிருமி புகுந்து, காய்ச்சல் வந்து, ஒரு மழை நாளில் போய்விட்டாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தான் அவள்மேல் போர்த்தினேன். வந்தவர்கள் பிணத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து அழுதார்கள். "பாவம், வாயைக் கட்டி வயித்தைக் கட்டிப் பார்த்தான், குடுத்து வெக்கலை" என்றார்கள். உம்மல் குல்சும் அம்மாவும் வந்திருந்தார். என் சட்டை முன்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனதாக எனக்குத் தோன்றியது. அங்கே ஒன்றும் சிந்தியிருக்கவில்லை.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பேக்கரி வாசனை வந்தால் குமட்டுகிறது. வீட்டில் இருக்க முடியாமல் காலையில் கரைக்குப் போகிறேன், கால் ஓயும்வரை நடக்கிறேன். எடை தானாக இறங்கி எண்பத்தைந்தில் நிற்கிறது. இப்போது என்னைச் சோதித்தால் எந்த மருத்துவமனையும் ஏற்றுக்கொள்ளும். எப்படி இளைத்தீர்கள் என்று கேட்பவர்களிடம் காய்கறி, கொள்ளு என்று சொல்லிவிட்டு வந்து, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

லோகப்பிரியாவுக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் சீர் நான்தான் கொண்டுபோக வேண்டும். பத்திரிகை வைக்க மச்சானும் அவளும் வந்திருந்தார்கள். அவள் என் எதிரில் உட்காரவில்லை, கதவோரம் நின்று என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழத்தட்டை எடுத்துக்கொடுத்தபோது மட்டும் மெதுவாகக் கேட்டாள். "அப்ப மட்டும் ஏன் மாமா எறங்கலை?"

நான் பதில் சொல்வதற்குள் மச்சான் முந்திக்கொண்டார். "என்ன கேள்வி கேக்கற அம்மணி? உங்க மாமன் மட்டும் அன்னிக்கு ஓடியாந்து சொல்லலைன்னா நீ இன்னிக்கு ஒத்தக் கிட்னியோட நின்னிருப்பே. மாப்பிள்ளை ஊட்டுல நானே சொல்லிப்போட்டேன், எம் புள்ளையை முழுசாக் காப்பாத்திக் குடுத்தது எம் மச்சினன் தனபாலுதான்னு" என்றார்.

லோகப்பிரியா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். உன் அம்மாவைக் கொன்றது நான்தான் கண்ணு என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நல்ல காரியத்துக்கு வந்திருப்பவர்களிடம் அதைப் பேசுவது முறையில்லை. தவிர, யோசித்துப் பார்த்தால் மச்சான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.